கோடையில் இளங்குதிரைப் பயிற்சி: வாசகர் கேள்வி–பதில்

வெயில் ஏறத் தொடங்கியதும், 3 வயது முதல் 6 வயது வரையிலான விளையாட்டுக் குதிரைகளைப் பழக்குபவர்களிடமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கே: என் குதிரைக்கு 4 வயது. ஷோ ஜம்பிங்குக்கு (தடை தாண்டும் போட்டி) தயார் செய்து வருகிறேன். வெயில் கடுமையாக இருப்பதால், கோடை முடியும்வரை முழு ஓய்வு கொடுத்துவிடலாமா?

ப: முழு ஓய்வு வேண்டாம். 4 வயதில் குதிரையின் உடல் இன்னும் கட்டி முடியவில்லை. முன்னங்கால் முட்டிக்கு மேலே இருக்கும் வளர்ச்சித்தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) ஏறத்தாழ இரண்டரை வயதுக்குள் மூடிவிடும். ஆனால் முதுகெலும்பில் இருப்பவை மூட 5, 6 வயது ஆகும். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத்தான் உறுதிப்படும். லாயத்திலேயே கட்டிக் கிடக்கும் இளங்குதிரையின் எலும்பு அடர்த்தி குறையும். கோடை முழுக்கச் சும்மா நிறுத்திவிட்டு, வெயில் தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தாண்டப் பழக்கினால் முன்னங்கால் குழாயெலும்பின் பக்கத்தில் கட்டி எழும், தசைநார் வீங்கும். அப்போது உண்மையிலேயே பல மாதம் ஓய்வு கொடுக்க வேண்டிவரும்.

கோடையில் குறைக்க வேண்டியவை வேகமும் நீளமும். பயிற்சி நாட்களை அவ்வளவாகக் குறைக்க வேண்டியதில்லை. எலும்பை உறுதியாக்க நீண்ட ஓட்டம் தேவையே இல்லை. நல்ல தரையில், நேர்கோட்டில், குறுகிய தூரம் விறுவிறுப்பாக ஓடினால் போதும். வாரத்தில் நான்கு நாள் சவாரி, ஒரு நாள் கையில் பிடித்துத் தரைக்கம்புகள் மேல் நடத்துவது, ஒரு நாள் வெளியே மெதுநடை, ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வு நாளிலும் கட்டிப் போடாமல் இரவு முழுக்கத் திறந்த வெளியில் விடுங்கள். தாண்டல் வாரத்துக்கு ஒரு முறை, 12 முதல் 15 தாண்டல், அதற்கு மேல் வேண்டாம்.

சொன்னதைக் கேட்டு நிற்பது, பின்வாங்குவது, கால் அழுத்தத்துக்குப் பக்கவாட்டில் விலகுவது, வண்டியில் அமைதியாக ஏறுவது ஆகியவற்றையெல்லாம் நடையிலேயே கற்பிக்கலாம். குளிர்காலத்தில் அவசரமாக ஒப்பேற்றிய பாடங்களைச் சீர்படுத்தக் கோடைதான் ஏற்ற காலம்.

கே: எத்தனை டிகிரிக்கு மேல் சவாரி கூடாது? காலையில் ஈரப்பதம் அதிகம் என்பதால் மாலைதான் நல்லது என்கிறார்களே?

ப: வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் அசைவாகிறது, மற்றதெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் பெரும்பாலும் வியர்வை ஆவியாவதால்தான் வெளியேற வேண்டும். எடையோடு ஒப்பிட்டால் குதிரையின் தோல் பரப்பு மனிதனுடையதில் பாதிகூட இல்லை. அதனால் நமக்குச் சற்றே புழுக்கமாகத் தோன்றும் நாளில் குதிரை ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும்.

ஒரு எளிய கணக்கு உண்டு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி, ஈரப்பத சதவீதத்தோடு கூட்டுங்கள். 130-க்குக் கீழ் இருந்தால் வழக்கமான வேலை. 130 முதல் 150 வரை வேலையைக் குறைத்து, இடைவேளைகளைக் கூட்டுங்கள். 150-ஐத் தாண்டினால் இளங்குதிரைக்கு நடை மட்டும். 180-ஐ நெருங்கினால் சேணமே வேண்டாம். 38 டிகிரி செல்சியஸும் 20 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் 120 வரும். 30 டிகிரியும் 80 சதவீதமும் சேர்ந்தால் 166. இரண்டாவது நாள்தான் ஆபத்தானது. அதே நேரம் இந்தக் கணக்கில் நேர் வெயிலும் காற்றோட்டமும் சேரவில்லை. உலர்ந்த வெப்பத்தில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால், குதிரை எவ்வளவு நீரை இழந்தது என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

வெயில், காற்று, ஈரப்பதம் மூன்றையும் ஒன்றாக அளக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. கருவி கிடைத்தால் அதுவே சிறந்தது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் இந்த அளவைத்தான் பார்க்கிறார்கள். அதில் 28-ஐத் தாண்டினாலே முன்னெச்சரிக்கைகள் தொடங்கும். 33-க்கு மேல் போட்டிக்கு ஏற்ற சூழல் அல்ல. தேர்ந்த குதிரைகளுக்கான எல்லைகள் இவை. இளங்குதிரைக்கு 28-லேயே கடும் வேலையை நிறுத்திவிடுங்கள்.

காலையா மாலையா என்றால், காலைதான். விடியலில் ஈரப்பத சதவீதம் கூடுதலாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் காற்று குளிர்ந்திருப்பது. மாலையில் மைதான மணலும் சுவரும் தகரக் கூரையும் பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தைத் திருப்பி உமிழ்கின்றன. குதிரையும் பகல் வெப்பத்தில் நின்று ஏற்கெனவே நீரிழந்திருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈவென்டிங் போட்டியின் கிராஸ் கன்ட்ரி சுற்றை (திறந்த வெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் நீண்ட ஓட்டம்) காலையிலேயே தொடங்கியது வெப்பத்தைத் தவிர்க்கத்தான். மாலைதான் முடியும் என்றால், பொழுது சாய்ந்து, மணலில் புறங்கையை வைத்தால் சூடு உறைக்காத நேரம்வரை காத்திருங்கள்.

கே: குளிர்ப் பகுதியிலிருந்து 5 வயதுக் குதிரையை வாங்கி வந்திருக்கிறேன். வெயிலுக்குப் பழகுமா?

ப: பழகும், ஆனால் 2 முதல் 3 வாரம் ஆகும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் குதிரைகளை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்தன. அவற்றில் தெளிவான விஷயம் இது. முதல் வாரம் தினமும் 20, 25 நிமிடம் நடையும் இலகுவான டிராட்டும் (நடையைவிட வேகமான துள்ளோட்டம்). இரண்டாம் வாரம் அதே நேரத்துக்குள் டிராட்டைக் கூட்டுங்கள். மூன்றாம் வாரத்தில் குறுகிய கேண்டர் (டிராட்டைவிட வேகமான மிதமான பாய்ச்சல்). ஒரே நாளில் நேரத்தையும் வேகத்தையும் சேர்த்து ஏற்றக் கூடாது. நாள் முழுக்கக் குளிரூட்டிய லாயத்தில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே எடுத்தால் பழக்கம் மிக மெதுவாகவே வரும். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் நிற்கட்டும். ரோமம் அடர்த்தியாக இருந்தால் வெட்டிவிடுங்கள். நனைந்த அடர் ரோமம் வெப்பத்தை வெளியே விடாது.

வெயிலுக்குப் பழகிவிட்டது என்பதால் தண்ணீர்த் தேவை குறையாது. பழகிய குதிரை சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும் என்பதால் அதன் தேவை அப்படியேதான் இருக்கும்.

கே: ஒரு நாள் பயிற்சியை எப்படிப் பிரிப்பது? எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: மொத்தம் 35 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் நடை. வெப்பத்தில் தசை சீக்கிரம் இளகிவிடும். மூட்டுகளுக்கும் தசைநாருக்கும் நடை இன்னும் தேவைதான், ஆனால் அதற்குப் பிறகு வழக்கமாகச் செய்யும் நீண்ட டிராட்டை விட்டுவிடலாம். அடுத்து 3 நிமிட வேலை, 2 நிமிடம் தளர்ந்த கடிவாளத்தில் நடை. இப்படி மூன்று சுற்று. கடினமான பாடத்தை முதல் இரண்டு சுற்றிலேயே முடித்துவிடுங்கள். கடைசி 10 நிமிடம் நிழலில் நடை.

நிறுத்த வேண்டியதற்கான முதல் அறிகுறி வியர்வை அல்ல, குதிரையின் நடை. தரைக்கம்பில் கால் தட்டுவது, திருப்பத்தில் தோள் சாய்வது, கடிவாளத்தில் தலையின் பாரத்தைப் போடுவது, காலால் உந்தினாலும் பதில் தாமதமாவது எல்லாம் களைப்பு. அதைச் சோம்பல் என்று நினைத்துச் சாட்டையைத் தொட்டால், களைத்த உடலோடு தவறான அசைவையே குதிரை கற்றுக்கொள்ளும். அடுத்த பருவத்தில் அதை அழிப்பது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம்.

இரண்டாவது, எண்கள். ஸ்டெதஸ்கோப்பைக் குதிரையின் இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் வைத்து இதயத்துடிப்பை 15 விநாடி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வேலை முடிந்த 10, 15 நிமிடத்தில் 60-க்குக் கீழ் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்றைய வேலை அதிகம், நாளை பாதியாக்குங்கள். மூச்சை விலாவைப் பார்த்து எண்ணுங்கள். ஓய்வில் 8 முதல் 16. வேலை முடிந்து நிற்கும்போது மூச்சு எண்ணிக்கை நாடித்துடிப்பையே தாண்டி ஓடினால், அது உடல் வெப்பத்தை வெளியேற்றத் திணறுகிறது என்று பொருள். உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆசனவாயில் வைக்கும் வெப்பமானி ஓய்வில் 37.2 முதல் 38.3 வரை காட்டும். வேலை நின்ற பிறகும் சில நிமிடம் அது ஏறிக்கொண்டே போகலாம், ஏனென்றால் உள்ளே இருக்கும் சூடு அங்கே வந்துசேரத் தாமதமாகும். அதனால் இறங்கியதும் ஒரு முறை, 10 நிமிடம் கழித்து ஒரு முறை பாருங்கள். வெப்பமானியில் நூல் கட்டி, கிளிப்பை வாலில் மாட்டுங்கள். முனை சாணத்துக்குள் போகாமல் குடல் சுவரில் படும்படி சாய்த்து வையுங்கள்; இல்லாவிட்டால் தவறான அளவு காட்டும்.

இந்த எண்களைத் தினமும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். உங்கள் குதிரைக்கு எது வழக்கம் என்பது அந்த நோட்டில்தான் தெரியும்.

கே: சூடாக இருக்கும் குதிரை மீது குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று மூத்த குதிரைக்காரர்கள் சொல்கிறார்கள். கால்களை மட்டும் நனைத்தால் போதுமா?

ப: போதாது. குளிர்ந்த நீரால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. ஓடி முடித்த குதிரையின் வெப்பம் பெருந்தசைகளில் இருக்கிறது. கால்களில் தசை மிகக் குறைவு. கால்களை மட்டும் நனைப்பதால் உடல் அவ்வளவாகக் குளிராது.

சேணத்தையும் துணியையும் உடனே கழற்றுங்கள். நிழலுக்கு, காற்று வீசும் பக்கம் கொண்டுபோங்கள். கழுத்து, தோள், விலா, முதுகு, பின்தொடை என்று உடல் முழுக்க இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு வாளி ஊற்றிவிட்டு நின்று பார்க்காமல், இடைவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பனிக்கட்டி போட்ட நீரும் பயன்படுத்தலாம். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வரும் நீர் கொதிக்கும் என்பதால் சிறிது நேரம் தரையில் ஓடவிடுங்கள். தண்ணீர் தாராளமாக இருந்தால் வழிக்கும் கருவியைக் கையில் எடுக்கவே வேண்டாம். வழிக்கும் நேரத்தில் இன்னொரு வாளி ஊற்றலாம். தண்ணீர் குறைவாக இருந்தால் மட்டும், தோலில் சூடேறிய நீரை வழித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஈரத் துண்டைக் கழுத்திலோ முதுகிலோ போட்டு அப்படியே விட்டுவிடுவது பரவலான தவறு. இரண்டு நிமிடத்தில் துண்டு சூடாகி, ஆவியாவதைத் தடுக்கும் போர்வையாகிவிடும்.

5 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைப் பாருங்கள். 39-க்கு இறங்கி, மூச்சு 30-க்குக் கீழ் வந்ததும் நிறுத்தலாம்.

41-ஐத் தொட்டாலோ, கால் தள்ளாடினாலோ, ஈறு கருஞ்சிவப்பாக மாறினாலோ, இதயம் துடிக்கும் அதே தாளத்தில் விலா துள்ளினாலோ கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். வாயைத் திறந்து தண்ணீரோ மருந்தோ புகட்டக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பின்தொடை கல்லாக இறுகி, குதிரை நகர மறுத்து, சிறுநீர் காபி நிறத்தில் வந்தால் ஓர் அடிகூட நடத்தக் கூடாது. அது தசைச் சிதைவு. நின்ற இடத்திலேயே மருத்துவம் செய்ய வேண்டும்.

கே: வேலை முடிந்த உடனே தண்ணீர் குடிக்க விடலாமா?

ப: விடலாம். தாகம் எடுத்த நேரத்தில் வாளியைத் தள்ளி வைத்தால், பிறகு தாகம் தணிந்து போதிய அளவு குடிக்காமலே போய்விடும்.

கே: எவ்வளவு உப்பு கொடுக்க வேண்டும்? நக்கும் உப்புக்கட்டி வைத்திருக்கிறேன், போதாதா?

ப: வியர்க்காத நாளில் கட்டி போதலாம். ஆனால் பல குதிரைகள் அதைத் தேவையான அளவு நக்குவதில்லை. சில பொழுதுபோகாமல் கடித்துத் தின்னும். வேலை செய்யும் இளங்குதிரைக்கு அளந்து தீவனத்தில் கலப்பதே நம்பகமானது.

குதிரையின் வியர்வை நம்முடையதைவிட மிகவும் உப்பானது. ஒரு லிட்டரில் சோடியம், குளோரைடு, பொட்டாசியம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 10 கிராம் போகும். கடும் வேலையில் மணிக்கு 10 லிட்டருக்கு மேலும் வியர்க்கும். மேலே சொன்ன 35 நிமிட வேலையில் இரண்டு மூன்று லிட்டர் போகலாம். 400 கிலோ குதிரைக்கு அடிப்படைத் தேவை நாளைக்கு 20 கிராம் சாதாரண உப்பு. வியர்க்கும் நாளில் 40 முதல் 50 கிராம். இரண்டு வேளைத் தீவனத்தில் பிரித்து, தீவனத்தை ஈரமாக்கிக் கலந்து கொடுங்கள். 10 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். முதல் நாளே முழு அளவைக் கொட்டினால் தொட்டியை விட்டு விலகிவிடும். பொட்டாசியத்தைக் காய்ந்த புல்லே தந்துவிடும். நீண்ட நேரம் வியர்த்த நாளில் மட்டும் எலக்ட்ரோலைட் கலவை தேவை. சர்க்கரைதான் முதல் பொருளாக அச்சிட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம்.

எலக்ட்ரோலைட் பசையைத் தண்ணீர் குடிக்காத, நீரிழந்த குதிரையின் வாயில் பிதுக்குவது கெடுதல். உப்பு, உடலில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். நீரில் கலந்தால் பக்கத்திலேயே வெறும் நீர் வாளியும் இருக்க வேண்டும். 10 லிட்டருக்கு 90 கிராம் உப்பு என்பது உச்ச அளவு. அதுவும் வேலை முடிந்து வைக்கும் முதல் வாளிக்கு மட்டும்.

400 கிலோ குதிரை ஓய்வு நாளில் 20, 25 லிட்டர் குடிக்கும். கோடையில் வேலையும் சேர்ந்தால் இரு மடங்காகும். தானியங்கித் தொட்டி இருந்தால் குடித்த அளவு தெரியாது. கோடையில் வாளியே மேல்.

கே: புல் செரிக்கும்போது உடல் சூடாகும் என்பதால் புல்லைக் குறைத்து அடர்தீவனத்தைக் கூட்டலாமா?

ப: கூடாது. நார்ச்சத்து பெருங்குடலில் நொதிக்கும்போது வெப்பம் உண்டாவது உண்மைதான். ஆனால் அதே பெருங்குடல்தான் குதிரையின் தண்ணீர்த் தொட்டி. அங்கே தேங்கும் நீரும் உப்பும் வியர்க்கும்போது கைகொடுக்கும். புல் குறைந்தால் அந்தச் சேமிப்பும் குறையும்; வயிற்றுப்புண்ணும் சூலையும் வரும். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை காய்ந்த புல் கட்டாயம். அதில் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றுங்கள்.

எடை குறைந்தால் தானியத்தைக் கூட்டாமல் தாவர எண்ணெய் சேருங்கள். செரிக்கும்போது அதில் வெப்பம் குறைவு. நாளைக்கு 30 மில்லியில் தொடங்கி, மூன்று வாரத்தில் 150 மில்லிவரை ஏற்றலாம். தேவைக்கு மேல் புரதம் கொடுத்தால் உடல் வெப்பம் கூடும், சிறுநீர் கூடும், லாயத்தில் அமோனியா நெடி ஏறி மூச்சுக்குழாயைக் கெடுக்கும். புல்லை அரை மணி நேரம் நனைத்துக் கொடுப்பது நல்லது, தூசியும் அடங்கும். நனைத்ததைத் தின்னாமல் விட்டால் அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்; வெயிலில் வேகமாகப் புளிக்கும்.

கே: என் குதிரைக்கு இந்த ஆண்டு வியர்ப்பதே இல்லை. நடந்தாலே மூச்சு வாங்குகிறது. தைரியம் போதாதா?

ப: இது தைரியம் சம்பந்தப்பட்டது அல்ல. பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். வியர்வைச் சுரப்பிகள் தூண்டலுக்குப் பதில் தராமல் போகும் ஒரு நோய் உண்டு. பிடரிக்கு அடியிலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் மட்டும் ஈரம், மற்ற இடமெல்லாம் உலர்ந்து சூடாக இருப்பது, ரோமம் மங்கி நெற்றியில் கொட்டுவது, நிழலில் நின்றாலும் மூச்சு அடங்காதது ஆகியவை அடையாளங்கள். தோலுக்கடியில் சிறு அளவு மருந்து செலுத்தி வியர்வை எழுகிறதா என்று கால்நடை மருத்துவர் சோதிப்பார். உறுதியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் பல குதிரைகளுக்கு வியர்வை திரும்புகிறது. விசிறி, நிழல், அடிக்கடி நீர், வேலை நிறுத்தம் ஆகியவைதான் வழி. ஒரு முறை வந்தால் அடுத்த கோடையிலும் வரக்கூடும் என்பதால் வெயில் ஏறும் முன்பே கவனிக்கத் தொடங்குங்கள்.

கே: 4 வயதுப் பெண்குதிரை, வெயில் தொடங்கியதிலிருந்து சவாரியில் தலையை மேலும் கீழும் உதறுகிறது. மூக்குவார் இறுக்கினால் சரியாகுமா?

ப: இறுக்க வேண்டாம். வாயைத் திறக்காமல் அடக்கினால் காரணம் மறைந்துவிடும். வாயால் மூச்சுவிட முடியாத விலங்குக்குத் தாடையும் இறுகிவிட்டால் தவிப்புதான் கூடும்.

4 வயதில் பால்பற்கள் விழுந்து புதியவை முளைக்கும் காலம். கடைவாயில் மாட்டிக்கொண்ட பால்பல்லின் தொப்பியோ, முன்கடைவாய்க்கு முன்னால் இருக்கும் சிறு ஓநாய்ப் பல்லோ கடிவாளம் படும்போது வலிக்கும். முதலில் பல் பரிசோதனை. பிறகு கடிவாளம் இல்லாமல் நீண்ட கயிற்றில் பிடித்து உங்களைச் சுற்றி வட்டமாக ஓட்டிப் பாருங்கள். உதறல் நின்றால் வாய்தான் காரணம். நிற்காவிட்டால் ஈ வலை முகமூடி போட்டுப் பாருங்கள். ஈயா என்று தெரிந்துவிடும். அப்போதும் உதறி, மூக்கைத் தரையிலோ முன்னங்காலிலோ தேய்த்து, பொழுது சாய்ந்ததும் அமைதியாகிவிட்டால் முகத்தின் உணர்ச்சி நரம்பு வெளிச்சத்தால் தூண்டப்படுவதாக இருக்கலாம். இது கோடையில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். மூக்கு வலையும் வெளிச்சம் மறைக்கும் முகமூடியும் பல குதிரைகளுக்கு உதவுகின்றன. மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

கே: குளம்பு வெடிக்கிறது, லாட ஆணி தளர்கிறது. தினமும் இரண்டு முறை தண்ணீர் விட்டுத்தான் வருகிறோம்.

ப: அதுவேதான் காரணமாக இருக்கும். நனைந்து உலர்ந்து, மறுபடி நனைந்து உலரும் குளம்புச் சுவர் விரிந்து சுருங்கி, ஆணித் துளை அகன்றுவிடும். உடலைக் குளிப்பாட்டியதும் குளம்பையும் கணுக்காலையும் துணியால் ஒற்றி, உலர்ந்த தரையில் நிறுத்துங்கள். லாடம் மாற்றும் இடைவெளி 5 வாரத்துக்கு மேல் போக வேண்டாம். தரை இறுகிவிட்டால் மைதானத்தை முந்திய இரவே நனைத்து, காலையில் கிளறி விடுங்கள். இறுகிய தரையில் சிறு வட்டங்களும் தாண்டலும் கூடாது.

கே: முதல் போட்டிக்கு 6 மணி நேர வண்டிப் பயணம். என்ன கவனிக்க வேண்டும்?

ப: வண்டி ஓடும்வரை காற்று இருக்கும், நின்றதும் உள்ளே அடுப்பாகிவிடும். வெயிலில் நிறுத்தாதீர்கள், இரவில் கிளம்புங்கள். 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒரு முறை நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள், தலையைத் தாழ்த்த விடுங்கள். தலை உயர்ந்தே இருந்தால் சளி நுரையீரலில் தங்கிப் பயணக் காய்ச்சல் வரும். புது ஊர்த் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகும் குதிரைகள் உண்டு என்பதால் பழகிய தண்ணீரை 40, 50 லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். போட்டிக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். இறங்கியதும் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை வெப்பநிலை பாருங்கள், 38.5-க்கு மேல் இருந்தால் களத்தில் இறக்க வேண்டாம்.